மிட்டாய்க் கடையில எறும்புச் செடி

எங்க வீட்டுல எறும்புன்னா சண்டைதான். சிங்கப்பூர்ல பஃபலோ ரோட்டுல எங்க அப்பா மருதப்பனுக்கு மிட்டாய்க் கடை. முன்னால கடை, பின்னால அடுப்படி, மேல மாடியில நாங்க. லட்டு, ஜிலேபி, பாதுஷா, மைசூர்பாகு எல்லாம் அங்கயே போட்டு அங்கயே விக்கிறது. அப்படி இருந்தா எறும்பு வராம இருக்குமா? அதனால எங்க கடையில மேசை, அலமாரி, ஸ்டூல் எதுக்குமே கால் தரையில படாது. ஒவ்வொரு காலும் ஒரு பால்டின்னுக்குள்ள நிக்கும். டின்னுல தண்ணி, தண்ணி மேல கொஞ்சம் மண்ணெண்ணெய். காலையில அப்பா சாமி படத்துக்குப் பூப் போடறதுக்கு முன்னாடியே குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு டின்னா பாப்பாரு. எங்க தேக்கா வட்டாரத்துல மிட்டாய்க் கடைக்கு என்ன பஞ்சம்? ஆனா எறும்பு இல்லாத கடைன்னா அது மருதப்பன் கடைன்னு பேரு. அந்தப் பேர்ல அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வீட்டுக்குள்ள எறும்பைக் குடும்பத்தோட சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தவ நான். பேரு தையல்நாயகி. எல்லாரும் நாயகின்னு கூப்பிடுவாங்க.

நடந்தது இதுதான். சிங்கப்பூர் தனி நாடாகிச் சுதந்திரம் கெடைச்சதுக்கு அடுத்த வருஷம், பொங்கல் முடிஞ்ச ஒரு ஞாயித்துக்கெழம, செம்பவாங்ல இருக்கற என் ஃப்ரெண்டு சாயிரா பானு வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்க ரெண்டு பேரும் ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. அவ வாப்பாவுக்கு நேவல் பேஸ்ல வேல, அங்கயே குவார்ட்டர்ஸ். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதி முடிச்சிட்டு ரெண்டு பேருமே வேல கெடைக்காம சும்மா இருந்தோம். வீட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்றதுன்னு கடல் பக்கம் நடந்தோம். அங்க ரோடு போடறதுக்காகக் கரையோரத்துச் சேத்துல இருந்த பாக்காவ் மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தாங்க. அந்த மரம் தெரியும்ல, வேரெல்லாம் சிலந்திக் கால் மாதிரி தண்ணியில ஊனி நிக்குமே, அது.

விழுந்து கெடந்த ஒரு மரத்துக் கிளையில ஏதோ உருண்டையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தேங்கா பருமன் இருக்கும். தோல் கருணக்கிழங்கு மாதிரி சொரசொரன்னு, உச்சியில குச்சி குச்சியா நாலு கிளை, கிளையில நல்லா தடிச்ச பச்ச இலை. அங்க மரம் வெட்டிக்கிட்டு இருந்த மலாய்க்காரரு ஒருத்தரு அத ‘கெப்பாலா பெரோக்’னு சொன்னாரு. குரங்குத் தலையாம். பாக்கறதுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நான் கைய வெச்சேன் பாருங்க, அது மேல இருந்த ஓட்டையிலேருந்து கறுப்பு கறுப்பா எறும்பு பொங்கி வந்து முழங்கை வரைக்கும் கடிச்சுத் தள்ளிடுச்சு. சாயிரா தூரமா நின்னுக்கிட்டு சிரிக்கிறா. உங்க அப்பா பாத்தா உன்னையும் அந்தக் கிழங்கையும் ஒன்னா சேத்து எண்ணெய்ல போட்டுடுவாருன்னா.

பக்கத்துலயே கோடாலி பட்டு ரெண்டாப் பொளந்த ஒன்னு கெடந்துச்சு. அதத்தான் நான் எடுத்துப் பாத்தேன். பாத்ததோட சரி, அன்னைக்கி புடிச்ச பைத்தியம், இன்னும் போகல.

உள்ள பூராவும் ரூம். ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்கு வழி, அங்கேருந்து ஒரு வளைவு, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ரூம். எறும்பு கடிச்சுக் கொடைஞ்சிருக்கும்னுதான் யாரும் நெனைப்பாங்க, நானும் நெனைச்சேன். ஆனா கொடைஞ்ச மரம் எப்படி இருக்கும்? தூள் தூளா, பிசிறு பிசிறா இருக்கும். இது அப்படி இல்ல. செவரெல்லாம் பூசி விட்ட மாதிரி முழுசா இருந்துச்சு. இன்னொன்னு. அந்தச் செடிக்கு மண்ணே கெடையாது. மரத்துப் பட்டையில வேரைப் புடிச்சிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். மரத்துக்குள்ள வேரை விட்டு உறிஞ்சவும் இல்ல, நான் நகத்தால நோண்டிப் பாத்துட்டேன். அப்ப இதுக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது? அந்தக் கேள்விதான் என் மண்டையில போயி உக்காந்துக்கிச்சு.

மரம் வெட்டியாச்சு. அங்கயே விட்டா ரெண்டு நாள்ல எரிச்சிடுவாங்க. அதனால முழுசா இருந்ததுல மூனு, பொளந்ததுல ஒரு பாதி, எல்லாத்தையும் அந்தக் கிளைத் துண்டோட அறுத்து வாங்கி, சாயிரா வீட்டு அரிசிச் சாக்குல கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த சீன ஆயா பாதி வழியில எந்திரிச்சு முன்னால போயிட்டாங்க. எனக்கு எடம் நல்லா தாராளமா கெடைச்சுது.

வீட்டுல நடந்தத ரொம்பச் சொல்ல வேண்டாம். அம்மா சாக்கப் பாத்ததும் வாசல்லயே நிறுத்திட்டாங்க. கடையில ஜிலேபி புழியற சுந்தரம் அண்ணன் எட்டிப் பாத்துட்டு, வெலை குடுத்து எறும்பு வாங்கிட்டு வந்த மொத ஆள் நீதான் தங்கச்சின்னு சொன்னாரு. வெலை எல்லாம் குடுக்கல, சும்மாதான் கெடைச்சுதுன்னு நான் சொன்னது யாருக்கும் சமாதானமா இல்ல. அப்பா மட்டும் சத்தம் போடல. அவரு சத்தம் போடாட்டிதான் பயம்.

"வெச்சுக்க," அப்படின்னாரு. "ஆனா இதுலேருந்து ஒரே ஒரு எறும்பு என் தட்டுல ஏறிச்சு, அன்னைக்கே மூனும் குப்பைத் தொட்டிக்குப் போகும். போடறது நான் இல்ல. நீ."

சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல முடியும்? அதுங்களுக்குத் திரும்பிப் போக மரமும் இல்ல.

எங்க அடுப்படிக்குப் பக்கத்துல மேல தொறந்த முற்றம் ஒன்னு இருக்கு, வெளிச்சமும் மழையும் நேரா உள்ள விழும். மாடிக் கைப்பிடிக் கம்பியிலேருந்து அந்த முற்றத்துல மூனையும் கம்பி போட்டுத் தொங்க விட்டேன். ஒவ்வொன்னுக்கும் அடியில ஈரம் நிக்கறதுக்குத் தேங்கா மட்டை சேத்துக் கட்டினேன். கம்பியில பூராவும் லாரிக்குப் போடற கிரீஸை வழிச்சுப் பூசிட்டேன். எங்க கடை வழக்கம் அதுதானே, எறும்பு தாண்டாம தடுக்கறது. மேசைக்குத் தண்ணி, என் செடிக்குக் கிரீஸு. ஒரு எறும்பு வெளிய வர முடியாது. எனக்குத் தெரிஞ்சத நான் சரியா செஞ்சேன்னு அப்படி ஒரு நெனைப்பு.

வெளிய வர முடியாதுன்னா அதுங்க என்ன சாப்பிடும்? அதுக்கா கஷ்டம், நாங்க மிட்டாய்க்காரங்க. தெனமும் சாயங்காலம் ஜிலேபிக் கடாய்ல மிஞ்சின பாகைத் தண்ணி விட்டுக் கலக்கி, மட்டை மேல ஊத்துவேன், கிழங்கு மேலயும் கொஞ்சம். எறும்புங்க வட்டமா நின்னு குடிக்கும் பாருங்க, வயிறு பளபளன்னு ஆயிடும். அதப் பாக்கறதே ஒரு ஆனந்தம். சாயிரா வந்தப்ப காட்டினேன். உன் எறும்புக்குக் கூடிய சீக்கிரம் தொப்பை வந்துரும், சீனி வியாதியும் வந்துரும்னு சொல்லிட்டுப் போனா.

அதுக்கு நடுவுல ஒரு சந்தோஷம். செடியில சின்னதா வெள்ளப் பூ பூக்கும், கவனிக்கலன்னா தெரியாது, அப்புறம் ஆரஞ்சு கலர்ல பழம் வரும், மிளகு அளவுக்கு. அதுல ஒரு பழம் விழுந்து, தனியா வெச்சிருந்த ஒரு மட்டையில ஒட்டிக்கிட்டு மொளச்சிடுச்சு. அந்த மட்டையில எறும்பே கெடையாது. ரெண்டு எலை விட்டதுமே அடித்தண்டு உருண்டு வர ஆரம்பிச்சுது. சுண்டக்கா அளவு ஆனப்ப எனக்குப் பொறுக்கல, அப்பாவோட ஷேவிங் பிளேடால குறுக்க வெட்டிட்டேன். உள்ள குட்டியா ஒரு ரூம். ஒரு எறும்பு கூட தொடாத செடிக்குள்ள ரூம்! அப்ப வீடு கட்டறது எறும்பு இல்ல, செடிதான். ஹவுசிங் போர்டு மாதிரி மொதல்ல கட்டடம், அப்புறம்தான் குடித்தனம். இத யாரும் எனக்குச் சொல்லித் தரல, புஸ்தகத்துலயும் படிக்கல. என் கையாலேயே வெட்டி, என் கண்ணாலேயே பாத்தேன். அன்னைக்கி பூரா வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். அம்மா உளுந்து ஆட்டிக்கிட்டே தலைய ஆட்டினாங்க, கேட்டாங்களா இல்லையான்னு தெரியல.

பெருமை ரொம்ப நாள் நிக்கல. மாம்பழ சீசன் முடியறப்ப பெரிய செடிங்க மூனும் வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. எலை மஞ்சளாகி ஒன்னொன்னா விழுது. புது எலை வரவே இல்ல. இன்னும் நல்லா பாகு ஊத்தினேன். அதுல ஒன்னு அழுகியே போச்சு, கைய வெச்சா மெத்து மெத்துன்னு உள்ள போகுது, புளிச்ச நாத்தம். பசிக்குதோன்னு நெனைச்சு நான் ஊத்த ஊத்த அது சாவுது.

அழுகினதை வெட்டித்தான் பாத்தேன். வெட்டினப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆனா வெட்டாம எப்படித் தெரிஞ்சிக்கிறது? செம்பவாங்லேருந்து கொண்டாந்த பொளந்த பாதி காஞ்சு போயி என் அலமாரியில இருந்துச்சு. அத எடுத்து இதுக்குப் பக்கத்துல வெச்சேன். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது கூட காதுல விழல.

ரூம் ரெண்டு வகை. அத நான் அதுவரைக்கும் கவனிக்கவே இல்ல. ஒரு வகை ரூம்ல செவரு வழவழன்னு இருக்கு. அங்கதான் எறும்போட முட்டை, குஞ்சு எல்லாம். இன்னொரு வகை ரூம்ல செவரு பூராவும் பரு பருவா, அம்மை போட்ட மாதிரி. அங்க ஒரு முட்டை கூட கெடையாது. காஞ்ச பாதியில அந்தப் பரு ரூம் எல்லாம் ஏதோ கறுப்பா அடைஞ்சிருந்துச்சு. ஊசியால கெளறி வெள்ளத் தாள்ல கொட்டினேன். ஈயோட ரெக்கை, வண்டோட கால், செத்த எறும்போட தலை, இன்னும் என்னென்னவோ தூசி. எல்லாம் குப்பை. அதுங்க வெளிய போயி வேட்டையாடி, தின்னது போக மிச்சத்தைக் கொண்டாந்து அந்த ரூம்லயே கொட்டுதுங்க, வெளிக்குப் போறதும் அங்கதான். என் செடியில அதே பரு ரூம் கழுவி விட்ட மாதிரி காலியா இருந்துச்சு. பூஞ்சை மட்டும் படர்ந்திருந்துச்சு.

மண்ணு இல்லாத செடிக்கு மண்ணே அந்தக் குப்பைதான்! அந்தப் பரு எல்லாம் வேர் மாதிரி, அந்தக் குப்பையில ஊறி வர்றத உறிஞ்சுது. வேற எப்படி இருக்க முடியும்? நானோ சீனியாக் குடுத்துத் தள்ளிட்டேன். சீனியில மிச்சம் ஏது? எறும்பு குடிச்சிட்டு வயித்தத் தடவிக்கிட்டுப் படுத்துக்கும், செடிக்கு ஒன்னும் கெடைக்காது. உலகத்துல யாருக்கு என்ன குறைன்னாலும் இனிப்பக் குடுத்தா சரியாயிடும்னு நெனைக்கிறது மிட்டாய்க் கடைக்காரங்களுக்குத்தான் வரும். பாகு இல்லாத வீட்டுல பொறந்திருந்தா இந்தத் தப்ப நான் பண்ணியிருக்கவே மாட்டேன்.

தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சதுதான் இப்ப கஷ்டம். மிச்சம் இருக்கற ரெண்டும் பொழைக்கணும்னா எறும்பு வெளிய போயி வேட்டையாடணும். வேட்டையாடணும்னா கிரீஸைத் தொடைக்கணும். கிரீஸைத் தொடைச்சா கீழ அப்பாவோட தட்டு. தொடைக்காட்டி செடி செத்துடும், தொடைச்சா குப்பைத் தொட்டி. ஒளிச்சுச் செய்யற ஆள் நான் இல்ல. நேரா அப்பாகிட்ட போயி, ரெண்டு பாதியையும் அவரு கணக்குப் பாக்கற மேசையிலயே வெச்சு, எல்லாத்தையும் சொன்னேன். மூச்சு விடாமச் சொன்னேன்.

அவரு பரு ரூமையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "அதாவது, இத்தன வருஷமா எறும்ப உள்ள விடாம நான் பேரைக் காப்பாத்தினேன், நீ ஒரு கிழங்குக்காகக் கதவத் தொறந்து விடப்போற," அப்படின்னாரு.

"கீழ விடலப்பா. மேல வழி போட்டுத் தர்றேன். அதுலதான் போகும்."

"நீ போட்ட வழியிலதான் போவேன்னு உன்கிட்ட எழுதிக் குடுத்துச்சா?"

எழுதிக் குடுக்கலதான். ஆனா கிட்டத்துலயே நல்ல வழி இருக்கறப்ப எறும்பு எதுக்கு தூரத்துக்குப் போகும்னு கேட்டேன். அவரு பேரம் பேசினாரு, வியாபாரி இல்லையா. தீபாவளி வரைக்கும் பாக்கலாம், ஆனா தீபாவளிக்கு நான் கடையில உக்காந்து பெட்டி கட்டணும், முனங்கக் கூடாது. பழைய பேச்சும் அப்படியே நிக்குது: ஒரு எறும்பு தட்டுல ஏறிச்சுன்னா நானே வெட்டிப் போடணும். பெட்டி கட்டறதுன்னா எனக்கு வேப்பங்கா. ஒத்துக்கிட்டேன்.

பின்னால சந்துல அடுத்த வீட்டுக்காரங்க முருங்கை மரம் ஒன்னு இருக்கு. அதுல கம்பளிப்பூச்சியும் ஈயும் எப்பவும் மொய்க்கும். மாடிப் பின் ஜன்னல்ல அம்மா துணி காயப் போடற மூங்கில் கம்பு ஒன்னு அந்த மரத்துக்குக் கிட்ட வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு செடியிலேருந்தும் சணல் கயிறு ஒன்னு கட்டி, கைப்பிடியில படாம மேலயே இழுத்து, ஜன்னல் வழியா அந்த மூங்கிலுக்கு, மூங்கில்லேருந்து முருங்கைக்கு. கம்பியில கிரீஸ் அப்படியே இருக்கட்டும், கயிறு ஒன்னுதான் வழி. அம்மாகிட்ட அந்த ஒரு கம்ப மட்டும் விட்டுக் குடுங்கன்னு கெஞ்சி வாங்கினேன். பாகை அன்னையோட நிறுத்திட்டேன்.

மொத நாள் நாலஞ்சு எறும்பு கயித்துல பாதி தூரம் போயி, கொம்பை ஆட்டிப் பாத்துட்டுத் திரும்பிடுச்சு. எனக்கு உசிரே போச்சு. மறுநாள் காலையில பாத்தா ரோடு தொறந்து விட்ட மாதிரி வரிசை! போறதும் வர்றதுமா. ஒன்னு ஈ ரெக்கைய கப்பல் பாய் மாதிரி தூக்கிப் புடிச்சிட்டு வருது. ரெண்டு சேந்து ஒரு புழுவ இழுக்குது. ஒன்னு வெள்ளையா எதையோ தூக்கிட்டு வந்துச்சு, பூவோன்னு கிட்டப் போயி பாத்தேன், குருவி எச்சம். அத அவ்வளவு மரியாதையா உள்ள கொண்டு போச்சு. நானும் விடல, அடுப்படியில சுந்தரம் அண்ணன் அடிச்சுப் போடற ஈயெல்லாம் பொறுக்கிக் கயித்துக்குப் பக்கத்துல வெச்சேன். தீபாவளி நெருங்கறப்ப ரெண்டு செடியிலயும் உச்சியில புதுக் குருத்து. எலை தோல் செருப்பு மாதிரி தடிப்பா, பளபளன்னு பச்ச. சாயிரா பாத்துட்டு ஒன்னும் கிண்டல் பண்ணல. இது எங்க ஊர்ல இருந்தத விட நல்லா இருக்குன்னா. அவ வாயிலேருந்து அப்படி வர்றது லேசு இல்ல.

தீபாவளிக்கு மொத நாள் காலையில கடையில நிக்க எடம் இல்ல. வாசல் முன்னால அஞ்சடி நடைபாதையில ஆளு, அதத் தாண்டி ரோட்டுலயும் ஆளு. புக்கிட் மேரா ஃபிளாட்டுலேருந்தெல்லாம் வந்திருந்தாங்க. நான் பேசின பேச்சுப்படி உக்காந்து பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன், விரலெல்லாம் நெய். எங்க பழைய வாடிக்கை, தமிழ் ஸ்கூல் வாத்தியாரு அழகப்பன் சாரு, தான் வாங்கின மைசூர்பாகுப் பெட்டியத் தொறந்து பாத்துட்டு, "மருதப்பா, என்னப்பா இது, உன் கடையிலயா?" அப்படின்னாரு.

பெட்டிக்குள்ள எறும்பு. தட்டுலயும் எறும்பு. மைசூர்பாகுத் தட்டு ஓரமா வரிசையா ஏறிக்கிட்டு இருக்கு.

அத்தன பேரும் பாத்தாங்க. அப்பா முகம் ஒரு நிமிஷம் எப்படியோ ஆயிடுச்சு. சாருக்கு வேற பெட்டி கட்டச் சொல்லி, அந்தத் தட்டத் தூக்கி, ஆணியில தொங்கின பெரிய கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனாரு. கூப்பிடவே வேண்டாம், நான் பின்னாலயே ஓடினேன். செடிக்குப் பக்கத்துல நின்னு கத்திரிய என் பக்கம் நீட்டினாரு.

"பேசினது பேச்சு, நாயகி."

கத்திரிய வாங்கிட்டேன். பேசினது நெசம்தான், மறுக்க முடியாது. ஆனா கை போகல. எங்க கடைப் பேரு போச்சுங்கிற வருத்தம் எனக்கும் இருந்துச்சு, அவரு முகத்தப் பாத்தா யாருக்கும் இருக்கும். தட்டுல ஏறின எறும்பைக் குனிஞ்சு பாத்தேன். சின்னதா, வெளிறின செவப்பு. கண்ணாடி மாதிரி ஒடம்பு.

"அப்பா, இது என் எறும்பு இல்ல. என்னுது கறுப்பு, இத விடப் பெருசு."

"எறும்புல என்னம்மா கறுப்பும் செவப்பும். எறும்புன்னா எறும்பு."

வாயால சொன்னா அவரு ஏத்துக்க மாட்டாருன்னு தெரிஞ்சுது. தட்டுலேருந்து ஒரு மைசூர்பாகுத் துண்ட, செவப்பு எறும்பு மொய்ச்சது மொய்ச்சபடி எடுத்து, செடிக்கு அடியில மட்டை மேல வெச்சேன். ரெண்டும் ஒரே ஊர்க்காரங்கன்னா ஒன்ன ஒன்னு சீண்டாம சும்மா போயிடும் பாருங்கப்பான்னேன். சொல்லிட்டேனே தவிர நானும் அது வரைக்கும் பாத்தது இல்ல.

மட்டையில நடந்துக்கிட்டு இருந்த கறுப்பு எறும்பு ஒன்னு துண்டு பக்கம் வந்துச்சு. நின்னுச்சு. கொம்பால ஒரு செவப்பத் தொட்டுச்சு. உடனே திரும்பி ஒரே ஓட்டமா ஓட்டைக்குள்ள ஓடிடுச்சு. போச்சு, பயந்துடுச்சுன்னு நெனைச்சேன். அடுத்த நொடி அந்த ஓட்டை, பக்கத்து ஓட்டை, மேல ஓட்டை, எல்லாத்துலேருந்தும் பொங்கிச்சு பாருங்க. செம்பவாங்ல என் கைய என்ன பண்ணுச்சோ அதவிட மோசம். மைசூர்பாக ஒன்னும் சீண்டல. செவப்பக் காலப் புடிச்சு ஒன்னு, கொம்பப் புடிச்சு ஒன்னு, இழுத்துக் கடிச்சு, சாகடிச்சு, ஒன்னொன்னாத் தூக்கிட்டு உள்ள போகுதுங்க. வரிசையா, ஒழுங்கா, கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏத்தற மாதிரி.

அப்பா குனிஞ்சாரு. இன்னும் குனிஞ்சாரு. மூக்கு செடியில இடிக்கிற மாதிரி.

"எங்க கொண்டு போகுது?"

"தின்னுட்டு மிச்சத்தப் பரு ரூம்ல கொட்டும்பா. அப்புறம் அது செடிக்கு."

கீழ அத்தன கூட்டம் நிக்குது, சுந்தரம் அண்ணன் மொதலாளி மொதலாளின்னு கத்தறாரு, இவரு கடைசிச் செவப்பு எறும்பு உள்ள போற வரைக்கும் எந்திரிக்கல. வாழ்நாள் பூரா யாரோட சண்டை போட்டாரோ அவங்கள வேற யாரோ இழுத்துக்கிட்டுப் போறாங்க, விட்டுட்டு எப்படி வருவாரு?

அப்புறம் நிமிந்து, "அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?" அப்படின்னு கேட்டாரு. எறும்பைத்தான் கேட்டாரு, ஆனா என்னைப் பாத்துக் கேட்டாரு. விஷயம் தெரிஞ்ச ஆளக் கேக்கற மாதிரி.

கீழ போயித் தேடினோம். டின்னு எல்லாத்துலயும் தண்ணி சரியா இருக்கு. மேசைக் கால்ல ஒரு எறும்பு இல்ல. சுந்தரம் அண்ணன் பேய் தூக்கிட்டு வந்து வெச்சிருக்கும்னாரு. நான் மட்டும் கீழ பாக்காம, தட்டு இருந்த ஸ்டாண்டோட கம்பிய மேல மேல பாத்துக்கிட்டே போனேன். தீபாவளிக்குன்னு அன்னைக்கி விடியக்காலையில மாவிலைத் தோரணம் கட்டியிருந்தாங்க. வாசல் நெலையிலேருந்து ஆரம்பிச்சு, கடைக்குள்ள வளைச்சுக் கொண்டாந்து, கடைசி முடிச்சு தட்டு ஸ்டாண்டு கம்பியில. ஒரு மாவிலையத் திருப்பினேன். எலைக்குப் பின்னால, கயித்து மேல, செவப்பு வரிசை ஜோரா ஊர்வலம் வந்துக்கிட்டு இருக்கு. நெலையிலேருந்து நேரா மைசூர்பாகுக்கு. டின்னு, தண்ணி, மண்ணெண்ணெய் எதுவும் தேவப்படல.

"கயித்துலதான் வந்திருக்கு," அப்படின்னேன். நான் சிரிக்கல, சத்தியமா.

சுந்தரம் அண்ணன்தான் விடல. "மொதலாளி, நான் வாசல்லயே முடிச்சுப் போடறேன்னேன். உள்ள வரைக்கும் வந்தாத்தான் லட்சணம்னு நீங்கதான் கட்டினீங்க," அப்படின்னாரு. கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. அப்பா என் கையிலேருந்து கத்திரிய வாங்கி, ஸ்டாண்டுல இருந்த முடிச்ச ஒரே வெட்டா வெட்டினாரு. தோரணத்தச் சுருட்டி என்கிட்ட குடுத்து, "உன் ஆளுங்களுக்குக் கொண்டு போயிக் குடு," அப்படின்னாரு.

மாடியில அத மட்டை மேல வெச்சிட்டுத் திரும்பி வர்றேன், அழகப்பன் சாரு இன்னும் போகல. புதுப் பெட்டியக் கையில வெச்சிக்கிட்டு, கடைசியில மருதப்பன் கடைக்கும் எறும்பு வந்துடுச்சேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. நாலு பேரு காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அப்பா ஜோரா நிமிந்து நின்னுக்கிட்டு, "அது தெருவுல போற எறும்பு சார். எங்க எறும்பு மேல இருக்கு. அது மிட்டாயத் தொடாது," அப்படின்னாரு.

பாகு ஊத்தினா தொடும்பான்னு சொல்ல வாயெடுத்தேன். முழங்கையால ஒரு இடி விட்டாரு. அப்புறம் கூட்டத்துக்கே கேக்கற மாதிரி, என் பொண்ணு ஒரு செடி வளக்குது, சிங்கப்பூர்ல வேற எந்த வீட்டுலயும் கெடையாது, அதுக்குள்ள எத்தன ரூம் தெரியுமான்னு ஆரம்பிச்சிட்டாரு. அது வேற வீட்டுல இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. இருந்தா இருந்துட்டுப் போகட்டும். சாரு பாக்கணும்னாரு. பெட்டி கட்டற வேலைய சுந்தரம் அண்ணன் தலையில கட்டிட்டு நான் கூட்டிட்டுப் போனேன். படி ஏறறப்பவே ஓட்டை, ரூம், வழவழ ரூம், பரு ரூம்னு சொல்லிக்கிட்டே ஏறினேன். மேல போயி நின்னதும் சாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு, செடிய நாலு பக்கமும் சுத்திப் பாத்தாரு. மண்ணே காணோமே, இதுக்குச் சாப்பாடு என்னன்னு கேட்டாரு.

நான் பதில் சொல்ல வாயத் தொறந்தேன். கீழ தீபாவளி வியாபாரத்த அப்படியே விட்டுட்டு எப்ப படி ஏறி வந்தாருன்னு தெரியல, எனக்குப் பின்னாலேருந்து அப்பா முந்திக்கிட்டாரு.

"குப்பை சார். நல்ல குப்பை. அதுங்களே பாத்துப் பாத்துக் கொண்டாறது."

சரியாத்தான் சொன்னாரு.